100 வெள்ளியும் திணறிய சர்வரும்: பழுது எங்கே?

2025 ஆகஸ்டு 31, தேசிய தினம். 18 வயதும் அதற்கு மேலும் உள்ள ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் மலேசியர்களுக்கு, மைகார்டு வழி தலா 100 வெள்ளி 'சாரா' உதவி திறந்துவிடப்பட்டது. அன்றே மைகாசே கட்டண முறை நெரிசலில் திணறியது. பேரங்காடிகளில் வரிசை நீண்டது. பொருள் நிரம்பிய தள்ளுவண்டியை அப்படியே விட்டுப் போனவர்களும் உண்டு. நிதி அமைச்சு மன்னிப்புக் கேட்டது.

"சர்வர் போதவில்லை, இன்னும் பத்து வாங்கினால் சரியாகிவிடும்" என்று பலர் சொன்னார்கள். கணினித் துறையில் பயிலும் நான் இதைப் பாதிதான் ஏற்கிறேன்.

கெடா தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகளுக்கு இந்தச் சிக்கல் எளிதில் புரியும். விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிடுவார். வந்தவர்களுக்கு நிரை பிரிப்பார். வராதவரின் மரங்களை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார். பெரிய இணையச் சேவைகளின் வாசலில் நிற்கும் 'லோட் பேலன்சர்' செய்வதும் இதே வேலைதான். சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் தராததை ஒதுக்கி, அதன் வேலையை மற்றவற்றுக்குக் கொடுக்கும்.

ஆபத்தும் இங்கேதான். பத்து சர்வர்கள் முழுத் திறனுக்கு அருகில் ஓடும்போது ஒன்று விழுந்தால், மற்ற ஒன்பதின் சுமையும் 11 விழுக்காடு கூடும். இரண்டு விழுந்தால் 25 விழுக்காடு. சுமை கூடக் கூட சர்வர் மெதுவாகும். பேர் கூப்பிடும்போது பதில் தாமதமானால், உயிரோடு இருப்பதும் 'வரவில்லை' என்று குறிக்கப்படும். இப்படியே ஒவ்வொன்றாகச் சரியும்.

சர்வரைக் கூட்டினாலும் மீதித் தொகையைச் சரிபார்க்கும் தரவுத்தளம் ஒன்றாக இருந்தால், நெரிசல் அங்கே போய் நிற்கும். வெட்டுபவர் எத்தனை பேரானாலும், பால் நிறுக்கும் தராசு ஒன்றுதான் என்றால் வரிசை தராசடியில்தானே நிற்கும்? பணம் கழியவில்லை என்று மைகார்டை மறுபடி மறுபடி செருகுவதும் புதிய சுமைதான்.

ஆகவே முதல் கேள்வி சர்வரைப் பற்றியதல்ல: எல்லாருக்கும் ஒரே நாளில் ஏன் கதவைத் திறக்க வேண்டும்? 2021 மே 26 நண்பகலில் அஸ்ட்ராசெனெகா தடுப்பூசிக்கு ஏறக்குறைய 9 லட்சத்து 56 ஆயிரம் இடங்கள் திறக்கப்பட்டபோதும் பதிவுத் தளம் இப்படித்தான் திண்டாடியது. மாறாக, பூடி95 பெட்ரோல் சலுகை படிப்படியாக வந்தது. 2025 செப்டம்பர் 27இல் காவல், இராணுவப் படையினர். 28இல் எஸ்டிஆர் பெறுவோர். 30இல் மற்ற அனைவரும். சிறிய கூட்டத்தில் சோதித்துவிட்டுப் பெரிய கூட்டத்தை விடும் முறை இது.

இது வெறும் தொழில்நுட்ப விவாதமல்ல. சுங்கைப்பட்டாணியில் வசிப்பவர் மறுநாள் போய்க்கொள்ளலாம். பாடாங் செராய், கோல கெட்டில் சுற்றுவட்டாரத் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வரும் குடும்பத்துக்கு ஒரு வீண் பயணம் என்பது எண்ணெய்ச் செலவு. ஒரு நாள் சம்பளமாகவும் இருக்கலாம். மாதாந்திர சாரா உதவியில் அரிசி வாங்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் இதே கட்டண முறைதான். நாடே ஒரு வாசலில் நெருக்கும்போது, அவர்களின் சாப்பாடும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்கிறது. மாதாந்திர உதவிக்குத் தனி வழி ஒதுக்குவதும், அடையாள அட்டை எண்படி நாள் பிரிப்பதும் செய்யக்கூடியவையே.

2026 பிப்ரவரி நடுவில் மீண்டும் 100 வெள்ளி என வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். கணினி பயிலும் நண்பர்களே, உங்கள் இறுதியாண்டுத் திட்டத்திலும் இதைச் சோதித்துப் பாருங்கள்: நூறு பேர் பயன்படுத்தும்போது ஓடுகிறதா என்பதோடு நிறுத்தாமல், ஒரு சர்வரை வேண்டுமென்றே அணைத்தால் மற்றவை தாங்குகின்றனவா என்று பாருங்கள். நாளை இத்தகைய அமைப்புகளைக் கட்டப்போகிறவர்கள் நாம்தான்.