டாக்டர் எழுதாத சோதனை

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கையில் மருந்துச் சீட்டு மட்டும் இருந்தால் நம்மில் பலருக்குத் திருப்தி ஏற்படுவதில்லை. “என்னடி, ரத்தம்கூடப் பார்க்கச் சொல்லவில்லையா?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டுவிட்டால் போச்சு, அந்த டாக்டர் கெட்டிக்காரர் இல்லை என்று தீர்மானித்து விடுகிறோம். அனுபவமுள்ள குடும்ப டாக்டர்களின் அபிப்பிராயமோ நேர் மாறு. முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறப் போவதில்லை என்றால் ஊசி குத்துவானேன் என்பது அவர்கள் கட்சி.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இரண்டு நாளாக ஜுரம். பௌர்ணமிக் கூட்டத்தில் டவுனுக்குப் போய் வருவதே பெரும் பாடு. இருந்தும் தாயார் போய், டாக்டர் எழுதாமலே, டைபாய்டுக்கான விடால் சோதனையைச் செய்துகொண்டு வருகிறாள். பிரெஞ்சு டாக்டர் விடால் 1896-ல் கண்ட முறை அது. அது கிருமியைத் தேடுவதில்லை; கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுகிறது. அந்தப் பொருள் ரத்தத்தில் போதிய அளவு சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே இரண்டாம் நாள் ‘இல்லை’ என்று வந்தால் நம்புவதற்கில்லை. ‘உண்டு’ என்று வந்தாலும், என்றைக்கோ வந்துபோன டைபாய்டின் மிச்சமாக இருக்கலாம். வேறு ஜுரத்தின் வேலையாகவும் இருக்கலாம். தானாக இறங்கியிருக்கக்கூடிய ஜுரத்துக்குக் குழந்தை நாள் கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குகிறது! டைபாய்டுதானோ என்று மெய்யாகவே சந்தேகம் வந்தால், அந்த மருந்தைத் தொடங்குமுன் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ சோதனைதான் நம்பகமானது.

‘முழு உடல் பரிசோதனை, சலுகை விலை’ என்ற விளம்பரங்களும் உண்டு. நூறு ஆரோக்கியசாலிகளில் தொண்ணூற்றைந்து பேருக்கு இருக்கும் அளவைத்தான் பெரும்பாலும் ‘சரியான அளவு’ என்று வகுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 சோதனைகள் செய்தால், ஒரு நோயும் இல்லாத நூறு பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒன்று தப்பாகத் தெரியும். அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு சோதனை, இரவெல்லாம் தூக்கமில்லை.

குற்றம் நம்முடையது மட்டுமல்ல. டாக்டர்கள் அருண் காத்ரேயும் அபய் சுக்லாவும் நாடெங்கும் 78 டாக்டர்களைப் பேட்டி கண்டு எழுதிய புத்தகம் 2016-ல் வெளிவந்தது. சோதனைக்கு அனுப்பினால் கமிஷன் என்ற வழக்கத்தை டாக்டர்களே அதில் மனம் நொந்து சொல்லியிருக்கிறார்கள். 2002-ம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகள் அந்தக் கமிஷனைத் தடுக்கின்றன. விதி இருந்தும் வழக்கம் போகவில்லை. சோதனையையே சர்க்கார் தடுத்ததும் உண்டு: காசநோய்க்கு என்று ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துவந்த சோதனை தவறான முடிவே தருகிறது என்று 2012-ல் தடை செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எந்தச் சோதனையும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், சகோதரிகளே! கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பார்ப்பதை விடவே கூடாது. டெங்கு சந்தேகமானால் முதல் ஐந்து நாளுக்குள் செய்யும் என்.எஸ்.1 சோதனை மிகவும் பிரயோஜனமானது. ஜுரத்தில் குழந்தை சுருண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய சோதனைச் சீட்டுகளை ஒரு பைலில் தேதிவாரியாக வைத்திருந்து டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனை போன மாதம்தான் செய்தது என்று தெரிந்தால், பெரும்பாலும் அவர் மறுபடி எழுத மாட்டார். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால், ஆறு வாரமாவது போன பிறகுதான் ரத்தம் பார்க்க வேண்டும்.