கடைசி வரியில் நிற்கும் பாதை

ஊராட்சியின் அடுத்த ஆண்டு வேலைகளை வரிசைப்படுத்தும் இடம் கிராம சபை. எங்கள் ஊர்ப் பட்டியலில் ஊர்த்தெருவுக்கு பேவர் பிளாக் முதல் வரி. சேரியின் சுடுகாட்டுப் பாதை கடைசி வரி. மழைக்காலத்தில் சேற்றில் பிணம் சுமப்பது நாங்கள்தான். கேட்டால், நிதி இல்லை என்கிறார்கள். நிதி குறையும்போதெல்லாம் காத்திருக்க வேண்டியது யார் என்பதை முடிவு செய்வது சாதி.

அந்த வரிசையை மாற்றும் அதிகாரம் தலித்துகளிடம் வரக் கூடாது என்றுதான் 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சியின் மதிப்பு ஆதிக்க சாதியினருக்குத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபைக்குப் போங்கள், தோழர்களே. கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.