காசுக்கு ஏற்ற ஒலி; காதுக்கு ஏற்ற ஒலி

இயர்போன் வாங்குவது இன்று குடும்பச் செலவில் ஒன்றாகிவிட்டது. படிக்கும் பிள்ளைக்குப் பாடம் கேட்க ஒன்று வேண்டும். வேலைக்குப் போகும் மகளுக்கு பஸ்ஸில் பாட்டுக் கேட்க ஒன்று வேண்டும். பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் செய்தி கேட்கத் தாத்தாவுக்கும் ஒன்று வேண்டும்.

கடையில் 100 ரூபாய்க்கும் இயர்போன் இருக்கிறது. 50,000 ரூபாய்க்கும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே புதுச் சரக்கு ஒன்று வந்திருக்கிறது. காதுத் துளைக்குள் பொருந்தும் சிறு கருவி அது. அதன் பக்கத்தில் கடுகு போன்ற விசைகள் இருக்கின்றன. ஊசி முனையால் அவற்றை மேலும் கீழும் தள்ளலாம். தள்ளினால் ஒலியின் தன்மை மாறும். விலை 2,000 ரூபாய்க்குள்தான்!

"விருப்பம்போல் ஒலியை மாற்றிக்கொள்ளலாம்" என்பது விளம்பரம். அது உண்மையா? கொடுக்கும் காசுக்குத் தகுமா? வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். போனால் 2,000 ரூபாய் மட்டும் போகாது. கவனம் இல்லாவிட்டால் காதும் போகும்.

மாறுவது என்ன?

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் "தொம்" என்று கனமாக ஒலிக்கும். வலது பக்கம் "நம்" என்று கூர்மையாக ஒலிக்கும். கனமான ஒலியைக் கடைக்காரர்கள் "பேஸ்" என்கிறார்கள். கூர்மையான ஒலியை "டிரெபிள்" என்கிறார்கள். மனிதர் குரல் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

விசையைத் தள்ளினால் பாட்டின் சுருதி மாறாது. பாடுகிறவர் குரலும் வேறு குரல் ஆகிவிடாது. கனமான ஒலி எவ்வளவு, கூர்மையான ஒலி எவ்வளவு என்ற அளவுதான் மாறும். ரசத்தில் உப்பு, புளி, காரத்தைக் கூட்டிக் குறைப்பது போல!

ஆனால் ஒன்று. ரசமே ஊசிப் போயிருந்தால் உப்புப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. இயர்போனும் அப்படித்தான். அடிப்படை ஒலி நன்றாக இருந்தால் மட்டுமே விசையால் பயன் உண்டு.

உள்ளே நடப்பது

இயர்போனுக்குள் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. மெல்லிய கம்பிச் சுருளும், அதோடு ஒட்டிய சவ்வும் இருக்கின்றன. போனில் இருந்து மின்சாரம் வரும்போது சுருள் அசைகிறது. சவ்வு அதிர்கிறது. அந்த அதிர்வுதான் பாட்டாகக் காதில் விழுகிறது.

விசைக்குப் பின்னால் மின்தடை, மின்தேக்கி என்ற சிறு பொருள்கள் உள்ளன. மின்தடை மின்சாரத்தின் அளவை மட்டுப்படுத்தும். மின்தேக்கி கூர்மையான ஒலிக்கு எளிதில் வழிவிடும். கனமான ஒலியைத் தடுக்கும். விசையைத் தள்ளும்போது இவை மின்சாரத்தின் பாதையில் சேருகின்றன, அல்லது விலகுகின்றன. ஒலியின் அளவு மாறுவது அதனால்தான்.

விசை இல்லாத இன்னொரு வகையும் உண்டு. அதில் இயர்போனின் மூக்கைக் கழற்றிவிட்டு வேறு மூக்கைத் திருகலாம். மூக்குக்குள் இருக்கும் வலை நெருக்கமாக இருந்தால் கூர்மை குறையும். இடைவெளி அதிகமாக இருந்தால் கூர்மை கூடும்.

ஆயிரம் டாலர் வசதி

இது ஒரு காலத்தில் பணக்காரர் வசதியாக இருந்தது. 2011-ம் ஆண்டில் ஏ.கே.ஜி. என்ற ஆஸ்திரியா நாட்டு நிறுவனம் கே3003 என்ற இயர்போனை வெளியிட்டது. மாற்றித் திருகுவதற்கு 3 வகை மூக்குகள் அதனுடன் வந்தன. விலை 1,000 டாலருக்கு மேல்!

2024-ல் சீனாவின் கே.இசட். நிறுவனம் காஸ்டர் என்ற இயர்போனை வெளியிட்டது. ஒவ்வொரு காதுக்கும் 4 விசைகள். கனமான ஒலிக்கு 2, கூர்மையான ஒலிக்கு 2. விலை 20 டாலர் அளவுதான். அந்தப் பழைய விலையில் ஐம்பதில் ஒரு பங்கு!

ஒலியை மாற்றும் வசதி இப்படி ஏழைக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டது. வரவேற்க வேண்டிய மாறுதல் இது. ஆனால் வசதி வந்ததாலேயே, விலை உயர்ந்த கருவியின் தரமும் கூடவே வந்துவிட்டது என்று எண்ணக்கூடாது.

ஒருவருக்கு ஒரு ருசி

எல்லோருக்கும் பிடித்த ஒரே ஒலியைச் செய்து கொடுத்துவிட்டால் என்ன? விசையே வேண்டாமே!

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்மன் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஷான் ஓலிவ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் பலருக்குப் பலவித ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். எது பிடித்தது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒலியை விரும்பினார்கள். ஆனால் ஒரு பகுதியினர் கனமான ஒலி இன்னும் வேண்டும் என்றார்கள். வேறு ஒரு பகுதியினர் அது குறைந்தால் நல்லது என்றார்கள்.

ருசி மட்டும் அல்ல. காதுத் துளையின் அகலமும் நீளமும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே விசை வீண் அல்ல. ஆனால் அது கடைசியாகத் தொட வேண்டிய பொருள்.

16 ஒலியா?

4 விசைகள். ஒவ்வொன்றுக்கும் மேல், கீழ் என்று 2 நிலை. பெருக்கினால் 16 வருகிறது. "16 வித ஒலி" என்று சொல்லி விற்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கணக்குச் சரி. ஆனால் காது கணக்குப் போடுவதில்லை! ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இருக்கும் வேறுபாடு பல சமயங்களில் ஒன்று, இரண்டு டெசிபல்தான். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு. அத்தனை சிறு வேறுபாட்டைப் பழகாத காது கண்டுபிடிப்பது கடினம். 16-ல் நாலைந்துதான் தெளிவாக வேறுபட்டுக் கேட்கும். ஆகவே விசைகளை எண்ணிப் பார்த்துக் காசு கொடுக்கக் கூடாது.

அட்டைப் பெட்டியில் "40,000 ஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருப்பதும் உண்டு. மனிதக் காது கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். கேட்காத ஒலிக்குக் காசு எதற்கு?

முதலில் ரப்பர்

இயர்போனின் மூக்கில் குடை போன்ற ஒரு ரப்பர் இருக்கும். பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று 3 அளவில் ரப்பர் வைத்திருப்பார்கள். பலர் மற்ற இரண்டையும் பெட்டியோடு போட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு!

ரப்பர் காதுத் துளையை இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். இடைவெளி இருந்தால் கனமான ஒலி வெளியே கசிந்துவிடும். பாட்டு வெறும் தகரம் போல ஒலிக்கும். "மட்டச் சரக்கு" என்று இயர்போனைத் திட்டுவார்கள். குற்றம் ரப்பரில் இருக்கும்!

சோதிப்பது சுலபம். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, வாய்விட்டு நாலு வார்த்தை பேசினால் போதும். தன் குரல் தலைக்குள் கனமாக முழங்கினால் ரப்பர் சரியாகப் பொருந்தியிருக்கிறது. இல்லாவிட்டால் வேறு அளவைப் போட வேண்டும். சிலருக்கு வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு ஓர் அளவும் தேவைப்படும்.

சத்தம் ஏமாற்றும்

இரண்டு இயர்போன்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது, அதிகச் சத்தம் தருவதே நல்லது என்று தோன்றும். இது காதின் இயல்பு.

1933-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குக் கனமான ஒலி சரியாக எட்டுவதில்லை. மிகக் கூர்மையான ஒலியும் அவ்வளவாக எட்டுவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் நன்றாகக் கேட்கின்றன. பாட்டு நிறைவாக இருப்பதுபோல் தோன்றுகிறது.

ஆகவே விசையைத் தள்ளிப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் பாடகர் குரல் அதே உரக்கத்தில் கேட்கும்படி சத்தத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விசையின் குணத்துக்குப் பதில் சத்தத்தின் மயக்கம்தான் தெரியும்.

இதிலேயே விசையின் உண்மையான பயனும் அடங்கியிருக்கிறது. கனமான ஒலி போதவில்லை என்றுதான் பலர் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். விசையால் கனத்தைச் சற்றுக் கூட்டிவிட்டால், சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். ரப்பர் சரியாக மூடிவிட்டால் பஸ் இரைச்சலும் உள்ளே அதிகம் வராது. அதை வெல்லச் சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை.

போனால் வராது

உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. பெருஞ்சத்தம் அவற்றைச் சிறுகச் சிறுக அழிக்கிறது. தலைமுடி உதிர்ந்தால் முளைக்கலாம். மனிதக் காதில் இந்தச் செல் அழிந்தால் மீண்டும் முளைக்காது. வலியும் இராது. ஆகவே நஷ்டம் உடனே தெரியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் ஓர் அளவு வகுத்துச் சொன்னது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். சத்தம் 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்!

வீட்டில் டெசிபல் அளக்கும் கருவி இராது. அதற்கு எளிய வழி உண்டு. போனின் முழுச் சத்தத்தில் 100-க்கு 60-ஐத் தாண்டக் கூடாது. பிள்ளைகள் போனில் இந்த வரம்பைப் பெற்றோரே அமைத்துவிடலாம். ரோட்டில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இயர்போனே கூடாது. துளையை மூடிய காதில் ஹார்ன் ஒலி விழாது.

எப்படிச் சோதிப்பது?

முதலில் எல்லா விசைகளையும் கம்பெனி வைத்த நிலையிலேயே விட வேண்டும். நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் போட வேண்டும். டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா குரலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் குரலே நல்ல தராசு. குரல் இயல்பாக இருக்கிறதா? குகைக்குள் இருந்து வருவதுபோல் இருந்தால் கனம் அதிகம். "ச", "ஸ" எழுத்துகள் ஊசிபோல் குத்தினால் கூர்மை அதிகம்.

அடுத்தது தாளம். மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிறகு நாதசுரம். அது கணீரென்று இருக்கலாம். காதைக் கிழிக்கக் கூடாது.

ஒரு சமயத்தில் ஒரு விசையை மட்டும் தள்ள வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரேமாதிரி தள்ள வேண்டும். அந்த நிலையிலேயே இரண்டு மூன்று நாள் கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் இனிக்கும் ஒலி அரை மணியில் அலுத்துவிடலாம்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். சத்தத்தைப் பாதிக்குக் குறைத்துக் கேட்க வேண்டும். அப்போதும் பாட்டு நிறைவாக இருந்தால், அது நல்ல இயர்போன்!

தாத்தாவுக்கு வேறு நிலை பொருந்தலாம். வயதானவர்களுக்குக் கூர்மையான ஒலி குறைவாகக் கேட்கும். அந்த விசையைக் கூட்டினால் பேச்சு தெளிவாகலாம். ஆனால் இது காது கேட்கும் கருவி ஆகாது. பேச்சே புரியவில்லை என்றால் காது டாக்டரிடம் போக வேண்டும். ஒரே இயர்போனைப் பலர் பயன்படுத்தினாலும் ரப்பர் மட்டும் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும்.

காசு கொடுக்குமுன்

போனிலேயே "ஈக்வலைசர்" என்ற அமைப்பு பெரும்பாலும் இருக்கிறது. விசை செய்யும் வேலையை அதுவும் செய்கிறது; இன்னும் நுட்பமாகச் செய்கிறது. செலவு இல்லை! போனில் அதை இயக்கத் தெரிந்தவர்களுக்கு விசை அவசியம் இல்லை. இயக்கத் தெரியாதவர்களுக்கும், ரேடியோ, டி.வி. என்று பல கருவிகளில் மாற்றி மாற்றிக் கேட்கிறவர்களுக்கும் விசை உதவும்.

விசையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. வயரைக் கழற்றி மாற்ற முடியுமா? இயர்போனில் முதலில் கெடுவது வயர்தான். பேசுவதற்கு மைக் இருக்கிறதா? போனில் வட்டமான பழைய துளை இருக்கிறதா? இல்லாவிட்டால் இடையில் மாட்டும் இணைப்புக்குத் தனிச் செலவு உண்டு. அதையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

மலிவு விலையில் ஒலியை மாற்றும் இயர்போன் நல்ல பொருள்தான். 16 ஒலிக்கு ஆசைப்பட்டு வாங்கினால் ஏமாற்றம் மிஞ்சும். சத்தத்தைக் குறைத்து நிறைவாகக் கேட்க வாங்கினால் காசும் மிச்சம், காதும் மிச்சம்!