கடன் தள்ளுபடி போதுமா?

அமெரிக்காவில் மாணவர் கடன் 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அப்போதைய அதிபர் பைடன் அறிவித்த தள்ளுபடியை 2023இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தள்ளுபடி கிடைத்திருந்தாலும் அடுத்த ஆண்டே புதிய கடனாளிகள் வரிசையில் நின்றிருப்பார்கள். கல்லூரிக் கடனே வேண்டாம், கைத்தொழில் பழகலாம் என்றால், அங்கே மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலை தருபவர் வழியாகத்தான் கிடைக்கிறது. பெற்றோரின் காப்பீட்டில் பிள்ளைகள் 26 வயதுவரைதான் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காப்பீடு இல்லாமல் தனியாக வயரிங் வேலை எடுத்துச் செய்யும் எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்தால் குடும்பமே கடனில் விழும். இந்நிலையில் எந்தப் பெற்றோர் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவார்கள்?

ஜெர்மனியில் தொழில் பழகுபவருக்கு வாரம் ஓரிரு நாள் பள்ளி, மீதி நாள் பட்டறை. ஊதியமும் உண்டு, காப்பீடும் உண்டு. பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் அந்நாட்டு வழக்கம் நமக்கு உடன்பாடில்லை. ஆனால், அங்கே தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது 1883இல். அப்படியொரு காப்பீட்டைத் தர வாஷிங்டன் இன்னும் தயங்குவதற்கு என்ன காரணம்?