எடை குறையவில்லை என்று நடையை நிறுத்தலாமா?

தடபுடலாகத் தொடங்கிச் சத்தமில்லாமல் நின்றுபோவதில் காலை நடைக்கு ஈடு கிடையாது. ‘சுகர் பார்டர்ல இருக்கு’ என்று சுகாதார நிலையத்தில் சொன்ன வாரமே புது ஷூ வந்துவிடும். இரவுச் சோறு சப்பாத்தியாகும். டீக்கடையில் ‘சீனி வேணாம்’ என்ற குரல் கேட்கும். இரண்டு மாதம் கழித்து எடை மெஷினில் ஏறினால் அதே பழைய எண். அதோடு சரி. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். என் பார்வையில் கோளாறு ஆளிடம் இல்லை, அவர் நம்பிய அளவுகோலில் இருக்கிறது.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சென்னையில் மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொல்லப்பட்டவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் நடந்தவர்களின் எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் இல்லை! மெஷினை மட்டும் நம்பியிருந்தால் அவர்களும் இரண்டாம் மாதமே விட்டிருப்பார்கள். சீனாவின் தாசிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு பொறுமையை இன்னும் சோதிக்கிறது. அங்கே உணவுக் கட்டுப்பாட்டையோ உடற்பயிற்சியையோ இரண்டையுமோ ஆறு ஆண்டு கடைப்பிடித்தவர்களிடையே இதய நோய் மரணங்கள் குறைந்தது உறுதியானது 20ஆம் ஆண்டுக் கணக்கில்கூட அல்ல, 23ஆம் ஆண்டில்தான்.

‘அப்படிப் பார்த்தாலும் நூற்றில் 39 பேருக்கு வந்துவிட்டதே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள் என்பதே இதன் கணக்கு. எல்லோருக்கும் உத்தரவாதம் என்று சொல்பவர் மருந்து விற்க வந்தவராக இருப்பார். சிக்கல் என்னவென்றால், தப்பியவருக்குத் தான் தப்பியது தெரியாது. வராத நோயை யாரும் உணர்வதில்லை. அதனால்தான் பலனைப் பார்த்து ஊக்கம் பெறலாம் என்ற யோசனையே இங்கே செல்லுபடியாவதில்லை. அளந்துதான் ஆக வேண்டும் என்பவர்கள் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்க்கட்டும். அந்தப் பரிசோதனை அளப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை; அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதற்குள் பத்துமுறை விரலைக் குத்திக்கொள்வதால் தெரியவருவது கொஞ்சம்தான்.

‘காட்டுல மேட்டுல உழைக்கிறவனுக்கு வாக்கிங் எதுக்கு?’ என்பது பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரம் பக்கத்தில் எழக்கூடிய கேள்வி. அதிலும் பாதி உண்மை இருக்கிறது. சென்னை ஆய்விலும் உடலுழைப்பாளிகளிடம் புதிதாக நடக்கச் சொல்லவில்லை, செய்வதைத் தொடரத்தான் சொன்னார்கள். ஆனால் மக்காச்சோளக் காட்டுக்கு பைக்கில் போய், டிராக்டர் உழுவதை வரப்பில் நின்று பார்ப்பது உழைப்புக் கணக்கில் சேராது. தட்டிலும் ரேஷன் அரிசிச் சோறு மலையாகவும் பொரியல் ஓரமாகவும் இருக்கிறது. சோற்றுக்குப் பதில் சிறுதானியம் வாங்கச் சொன்னால், விலையில்லா அரிசியை விட்டுக் காசு கொடுத்து வரகு வாங்குவானேன் என்பார்கள். வாங்க வேண்டாம். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கைக்கீரையோ பயறோ வைத்தால் போதும். மாவட்டத்துக்கு ஒன்றாக 2023இல் அறிவிக்கப்பட்ட 8 கிலோமீட்டர் நடைபாதை நல்ல திட்டம்தான். அதற்காக இந்த ஊர்க்காரர் தினமும் விடியற்காலையில் பெரம்பலூருக்கு பஸ் ஏற முடியுமா? திருச்சி-சென்னை நான்குவழிச் சாலை ஓரத்தில் இருட்டோடு நடப்பதும் ஆபத்து. ஏரிக்கரையோ பள்ளி மைதானமோ, ஒரு விளக்கோடு கிடைத்தால் பெண்களும் வருவார்கள்.

பலன் கண்ணில் படாதபோது ஆளை விடாமல் வைத்திருப்பது எது? சென்னை ஆய்வில் மாதம் ஒருமுறை போன் செய்து விசாரித்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பேசினார்கள். அதே குழுவினர் பங்கேற்று 2013இல் வெளியான அடுத்த ஆய்வில் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு செல்போன் குறுஞ்செய்தி மட்டும் தொடர்ந்து போனது. இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. மன உறுதியை மனிதரின் குணமாக மட்டும் பார்க்கும் நம் பழக்கத்துக்கு இது சரியான பதில். யாரோ விசாரிக்கிறார்கள் என்பதே பாதி உறுதி.

தமிழ்நாட்டில் அப்படி விசாரிக்க ஆள் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் நோய் வந்தவரின் வாசலுக்குத்தான் அந்த மாத்திரை போகிறது; விளிம்பில் நிற்பவருக்கு, கொடுக்க மாத்திரை இல்லாததாலேயே, விசாரிப்பும் இல்லாமல் போகக் கூடாது. ஊக்கத்தொகைக்கு வேலை செய்பவர்கள் தலையில் இன்னும் ஒரு சுமையா என்பார்கள். ஆமாம், சுமைதான், அதற்கு ஏற்பத் தொகையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ‘இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீங்க, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க’ என்று கேட்டு எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். நோய் முற்றி டயாலிசிஸுக்குப் போகிறவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், மெஷினோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்கிறார். அந்தச் செலவிலும் ஒரு பங்கை அரசுதான் ஏற்கிறது.