கடையின் முகத்தில் தமிழ் எங்கே?

கடைக்கு முகப்பு எப்படியோ, அப்படியே இன்றைய வணிகத்திற்குச் சமூக ஊடகப் பக்கம். வாடிக்கையாளர் கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே கைப்பேசியில் அக்கடையின் பக்கத்தைப் பார்த்துவிடுகின்றார். பேஸ்புக் எனும் முகநூல் 2004இல் தோன்றியது. இன்ஸ்டாகிராம் எனும் படவரி 2010இல் வந்தது. வாட்ஸ்அப் எனும் புலனத்தின் வணிகச் செயலி 2018இல் வெளியாயிற்று. இன்று வீட்டு அடுப்படியில் முறுக்குச் சுடும் தாய்மாரும், பூமாலை தொடுப்பவரும், தையற்கடைக்காரரும் தத்தம் தொழிலுக்கென ஒரு பக்கம் வைத்திருக்கின்றனர். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், அப்பக்கங்களைப் பார்க்கும் தமிழாசிரியன் உள்ளத்தில் ஒரு வினா எழாமல் இருப்பதில்லை. அங்கே தமிழ் எங்கே?

விற்பவர் தமிழர், வாங்குபவருள் பெரும்பாலோர் தமிழர், விற்கப்படுவதோ மஞ்சளும் தாலிக்கொடியும் பொங்கற்பானையும். பக்கத்தில் மட்டும் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை! ஆங்கிலம் இருக்கின்றது, பல வேளைகளில் அதுவும் பிழையோடு இருக்கின்றது. தமிழ் தலைகாட்டினாலும் ரோமன் எழுத்தை உடுத்திக்கொண்டே வருகின்றது. வாழையிலை விற்பவர்களையே பாருங்கள். ழகரத்தை ஒருவர் ஓர் எழுத்தால் குறிக்கின்றார். மற்றொருவர் இரண்டு எழுத்தால் குறிக்கின்றார். ஆளுக்கொரு வடிவம்! தமிழில் எழுதினால் வாழையிலைக்கு ஒரே வடிவம்தான். தேடுபவருக்கும் அதுவன்றோ எளிது?

இதைச் சொன்னால் வணிக நண்பர்கள் மூன்று தடைகளை முன்வைக்கின்றனர்.

முதல் தடை, “பிற இனத்து வாடிக்கையாளர் விலகிவிடுவர்” என்பது. தேசிய மொழியையோ ஆங்கிலத்தையோ விலக்கச் சொன்னவர் யார்? தேசிய மொழி முதலில் நிற்கட்டும், ஆங்கிலமும் இருக்கட்டும், அவற்றின் அருகில் தமிழுக்கும் ஓர் இடம் தருக என்றே கேட்கின்றோம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, ஈப்போ லிட்டில் இந்தியா ஆகிய இடங்களில் மலாய் எழுத்தோடு தமிழெழுத்தும் நிற்கும் பெயர்ப்பலகைகளைக் காண்கின்றோம். அவற்றைக் கண்டு எந்த மலாய் நண்பர் துணி வாங்காமல் திரும்பினார்? சீன வணிகர் தம் எழுத்தைப் பலகையிலிருந்து இறக்கிவிட்டா வணிகம் வளர்த்தனர்?

இரண்டாம் தடை, “கைப்பேசியில் தமிழ் எழுதுவது கடினம்” என்பது. இது காலாவதியான சாக்கு. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை உருவாக்கியவர் நம் மலேசிய மண்ணின் மைந்தர் முத்து நெடுமாறன். கைப்பேசியில் தமிழ் எழுத அவர் படைத்த செல்லினம் 2005இல் வெளியீடு கண்டது. உலகத் தமிழர்க்கு எழுதுகருவி தந்த நாட்டிலிருந்துகொண்டு, எழுத வழியில்லை என்று சொல்வது தகுமா?

மூன்றாம் தடை, “இடம் போதாது” என்பது. இதில் சிறிது உண்மை உண்டு. படவரியின் அறிமுகப் பகுதி 150 குறிகளுக்கு மேல் இடம் தருவதில்லை. ‘முறுக்கு’ என்பது நமக்கு நான்கெழுத்து. கணினிக் குறியீட்டிலோ உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே சேர்ந்து எட்டாகின்றது. ஆனால், சுருங்கச் சொல்லி விளங்கவைப்பது தமிழுக்குப் புதிதா? எடுத்துக்காட்டாக ஒன்று வரைந்து பார்ப்போம்: “வீட்டில் சுட்ட முறுக்கு, அதிரசம். கிள்ளான். போத்தல் 15 வெள்ளி. மூன்று நாளில் கைக்கு வரும். புலனத்தில் அழையுங்கள்.” இடைவெளியையும் சேர்த்துக் கணினி முறையில் எண்ணினாலும் 150க்குள் இது அடங்கிவிடுகின்றது. என்ன பொருள், எந்த ஊர், என்ன விலை, எப்போது கிடைக்கும், எப்படித் தொடர்பு கொள்வது என ஐந்து வினாக்களுக்கும் விடை வந்துவிட்டது. வெற்றுச் சொல் ஒன்றேனும் உண்டா?

இந்த ஐந்து விடைகளையும் தராத பக்கம் எத்துணை அழகாயினும் பயனற்றது. “நாட்டிலேயே முதல்தரம்” என்று முழங்குவார்கள். விலையை மட்டும் மறைத்து, “தனிச்செய்தியில் கேளுங்கள்” என்பார்கள். பிறர் எடுத்த படத்தைத் தம் பலகாரம் என்று ஒட்டுவார்கள். காசு கொடுத்துப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பெருக்குவார்கள். விலைக்கு வாங்கிய பின்தொடர்வோர் ஒரு போத்தல் முறுக்காவது வாங்குவரா? 2013இல் நடப்புக்கு வந்த மின்வணிக விதிகளே, இணையத்தில் விற்பவர் தம் வணிகப் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று பணித்தன. விலையை மறைப்பது விற்பனைத் தந்திரம் என்று எண்ணுவோர் இதை உணர்தல் வேண்டும். நாணயமே வணிகனின் முதல். அந்த நாணயம் வாங்குபவருக்கு விளங்கும் மொழியில் வெளிப்பட வேண்டும். ஆங்கிலம் அறியாத மூதாட்டி, தன் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லாமல் தானே விலையைப் படித்தறிய வேண்டாவா?

இது வணிகர் சிக்கல் மட்டுமாயின் தமிழாசிரியன் எழுதுகோலை எடுக்க வேண்டியதில்லை. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இந்நாட்டில் இரு நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. ஆனால், பிள்ளையைப் பதிய வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி மாறவில்லை. “தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா, ஐயா?” மேடைப்பேச்சால் இக்கேள்விக்கு விடை கூற இயலாது. தமிழால் ஒருவர் பொருளை விற்றுப் பிழைக்கின்றார் என்பதைக் கண்ணால் காட்டினாலன்றோ அப்பெற்றோர் நம்புவர்? ஆறாண்டு தமிழெழுத்தைக் கற்ற பிள்ளை, பள்ளியை விட்டதும் அவ்வெழுத்தை எங்கே காண்கின்றான்? அவன் நாள்தோறும் திறக்கும் கைப்பேசியிலும் அது இல்லையெனில், கற்றது மறவாமல் என் செய்யும்? கோயில் மேடையில் தமிழை வாழ்த்திவிட்டுத் தம் வணிகப் பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூடத் தராத பெருமக்கள், அப்பெற்றோரின் ஐயத்திற்கே எண்ணெய் வார்க்கின்றனர்.

ஆசிரியப் பெருமக்களே! ‘நான் ஒரு பேனா’ என்னும் தன்கதையோடு, ‘எங்கள் ஊர்க் கடைக்கு ஓர் அறிமுகம்’ என்னும் தலைப்பையும் மாணவரிடம் கொடுங்கள். 150 குறிகள் என்ற வரம்பையும் விதியுங்கள். சொற்சிக்கனம், ஒற்றுப்பிழையின்மை, உண்மை கூறல் ஆகிய மூன்றையும் ஒரே பயிற்சியில் கற்பிக்கலாம். மாணவச் செல்வங்களே! உங்கள் தாய் பலகாரம் விற்கின்றாரா? அவர் பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் முதல் எழுத்தாளராக நீங்களே இருங்கள். வணிகப் பெருமக்களே! உங்கள் பக்கத்தில் தமிழுக்கென ஒதுக்க வேண்டியது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை இன்றே எழுதுங்கள். அதைப் பிழையின்றி எழுதுங்கள்.