சுழல் மாடியில் ஒரு மாலை

பிலிப்பைன்ஸ் நாட்டு எழுத்தாளர் ஹோசே ரிசால் 1887-இல் வெளியிட்ட ‘நோலி மே தாங்கெரே’ என்னும் நாவல் ஒரு விருந்து வீட்டில் தொடங்குகிறது. ‘தினோலா’ என்னும் கோழிச் சாறு பரிமாறப்படுகையில், தாமாசோ பாதிரியாரின் கலத்தில் கழுத்தும் சிறகுமே விழ, அவருக்குச் சினம் பொங்குகிறது. இக்கதை மாந்தர் பெயரைத் தாங்கிய உணவகமும் அந்நாட்டில் தோன்றியதுண்டு. அத்தகைய இலக்கிய உணவகம் நம் திருவனந்தபுரத்தில் உண்டா என்று அன்பர் ஒருவர் வினவினார். தம்பானூர் இந்தியன் காப்பி ஹவுஸுக்கு அவரையும் இரண்டு குடும்பங்களையும் அழைத்துச் சென்றோம்.

லாரி பேக்கர் அமைத்த அச்செங்கல் கட்டடத்தில் தளமே சுழன்று சுழன்று மேலேறுகிறது. சுவரோரம் கட்டிய மேசைகள். செங்கல் இடைவெளிகளின் வழியே காற்றும் வெளிச்சமும். விசிறித் தலைப்பாகை அணிந்த பணியாளர் தோசை கொணர்ந்தார். மசாலாவில் பீட்ரூட் கண்டு, நாஞ்சில் நாட்டிலிருந்து வந்திருந்த பெரியம்மாள் முகஞ்சுளித்தார். எனினும் மிச்சம் வைக்கவில்லை.

இதில் இலக்கியம் எங்கே என்றார் அன்பர். காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூட முற்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளரைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரளத் தூண்டினார் ஏ. கே. கோபாலன். 1957-இல் பெங்களூரிலும் 1958-இல் திருச்சூரிலும் தொழிலாளர் தாமே கடை நடத்தத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான நடைக்கல் பரமேஸ்வரன் பிள்ளை அவ்வரலாற்றை ‘காப்பி ஹவுஸின் கதை’ என மலையாளத்தில் நூலாக்கினார். உணவிட்டவரே எழுதிய நூல்!

இதைச் சொல்லும்போதே நமக்குக் கூச்சமாயிற்று. அந்நூலை நாம் படித்ததில்லை. கடைப் பலகையை எழுத்துக் கூட்டுவதோடு நம் மலையாளம் நின்றுவிடுகிறது. உடன் வந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுவனோ அதைத் தங்குதடையின்றிப் படிப்பான். ஆனால், இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள சாலைக் கடைத்தெருவில் கடை வைத்துக்கொண்டே அத்தெரு மாந்தரைக் கதைகளாக்கிய ஆ. மாதவனை அவனால் படிக்க இயலாது. இந்நகரையே களமாகக் கொண்டு நீல பத்மநாபன் 1970-இல் அளித்த ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலும் அவ்வாறே. வீட்டில் தமிழ் பேசுகிறான், எழுத்து தெரியாது. குற்றம் அவனுடையதன்று. பள்ளியில் இல்லையே என்று நாம்தாம் இருந்துவிட்டோம்.

“அப்படியானால் மாமா, நீங்கள் அதைப் படித்துச் சொல்லுங்கள்; நான் இதைப் படித்துச் சொல்கிறேன்” என்றான் அவன், கட்லெட்டிலிருந்து தலை நிமிராமலே. பெரியம்மாள் மட்டும், “சொல்லிக் கேட்டால் எழுத்து வருமா?” என்றார். அதற்கு விடை கூற நம்மால் இயலவில்லை.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மீண்டும் சுழல் மாடி ஏறுகிறோம். மாதவன் கதைத் தொகுதியோடு ஓர் அரிச்சுவடியும் நம் கையிலிருக்கும். வர விரும்பும் குடும்பத்தார் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்கலாம். காப்பிச் செலவு அவரவருடையது.